இனாமாக வந்த குதிரை

சீட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே,

தட்டு ஏந்துவது எப்படி, மேசை விரிப்பை மாற்றுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் காட்டிக் கொடுப்பார்கள். அதில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நேற்று உங்களில் ஒருவர் என்னைத் தனியாக நிறுத்தி, "ஐயா, ஆட்டத்துல ஜெயிக்கறவங்க எவ்வளவு இனாம் குடுப்பாங்க? குடுக்கலேன்னா ஞாபகப்படுத்தலாமா?" என்று கேட்டார். பேரைச் சொல்ல மாட்டேன். கேட்டவர் வெட்கப்படவும் வேண்டாம். சம்பளத்தில் அரிசி வாங்கலாம். பொண்டாட்டிக்கு ஒரு சீலை எடுப்பது என்றால் இனாம் வந்தால்தான் உண்டு. என் காலத்திலும் அப்படித்தான்.

எவ்வளவு என்ற கேள்விக்கு நான் ஒரு குதிரையை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் முதலில் வேலை பார்த்தது கொல்லிமலையில். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. கீழிருந்து வருகிறவர்கள் நடந்து வர வேண்டும், இல்லாவிட்டால் டோலியிலோ மட்டக்குதிரையிலோ வர வேண்டும். சோளக்காட்டுக்கு மேலே தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து தகரக்கூரை போட்ட ஒரு பங்களா வைத்திருந்தார்கள். பத்திரிகை படிக்க என்று கட்டியது. பத்திரிகை வருவதற்குள் சேதி பழசாகிவிடுமாகையால் எல்லோரும் சீட்டாட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்குச் சீட்டு பங்களா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலைக்கு நாங்கள் மூன்று பேர். சமையல்காரர் ஒருவர், சேந்தமங்கலத்துப் பக்கம். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வரப் பாவாயி என்ற அம்மாள். சீட்டு மேசைக்கு நான். வாழவந்தி நாட்டில் என் அப்பாவுக்குச் சாமை விளையும் காடு இருந்தது. ஏர் பிடிக்கிற வேலைக்கு என் தம்பி போதும் என்று நான் இங்கே வந்துவிட்டேன்.

இனாம் விஷயத்தில் சமையல்காரர் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். வாசல் பக்கம் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். ஜெயித்தவர் எழுந்து போகும்போது அதில் எதையாவது போட்டுவிட்டுப் போவார். யார் கையிலும் தரக் கூடாது. யார் எவ்வளவு போட்டார் என்று நாங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. வாரக் கடைசியில் மூன்று பங்கு. "கையில வாங்குனா குடுத்தவரு மூஞ்சி ஞாபகத்துல நிக்கும் கண்ணு. அடுத்த நாள் அவருக்கு மட்டும் காப்பி சூடா இருக்கும்" என்பார்.

தோற்றவர் காசு செம்பில் விழக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம். ஒருமுறை மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் நன்றாகத் தோற்றுவிட்டு, நொந்து போகவில்லை என்று காட்டிக்கொள்ளப் பெரிய காசாக ஒன்றைச் செம்பில் போட்டார். செம்பு அதிர்ந்த சத்தத்திலேயே சமையல்காரருக்குத் தெரிந்துவிட்டது. காசை எடுத்து, வழிக்குக் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பிவிட்டார். கான்ட்ராக்டர் பாதி வழியில் சோற்றை மெல்லும்போது காசு பல்லில் பட்டிருக்கும். அடுத்த தடவை வந்தபோது இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கிளம்பும்போது சமையல்கட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இப்போது குதிரைக்கு வருகிறேன்.

பங்களாவில் எல்லோரும் மதிக்கும் ஒருவர் வாசலூர்பட்டிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஐயா. ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவரிடம் மல்லி என்று ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. அந்தியூர்ச் சந்தையில் குட்டியாக வாங்கி வந்தது. பிள்ளை இல்லாத மனிதர். வரும்போதும் போகும்போதும் அதனோடு பேசிக்கொண்டே வருவார். அதுவும் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே வரும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் மலைக்கு வந்தார். காப்பிக்கொட்டையிலும் இறங்கிப் பார்க்கலாம் என்று தோட்டம் தோட்டமாக விசாரிக்க வந்தவர். பருத்த உடம்பு. அவர் சிரித்தால் தகரக்கூரையில் எதிரொலிக்கும். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பங்களா அறையிலேயே தங்கிவிட்டார். வேறு என்ன செய்வது? சீட்டாடினார்.

ஒரு மத்தியானம் மூன்று சீட்டு ஆட்டம். நான்கு பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். நெய் வியாபாரியும் தோட்டத்து ஐயாவும் மட்டும் மிஞ்சினார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் மிஞ்சினால் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். அல்லது, "போதும், சீட்டை எறக்குங்க" என்று காட்டச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஐயா ஏற்றிக்கொண்டே போனார். என்றைக்கும் அப்படி ஆடுகிறவர் இல்லை. வியாபாரியின் சிரிப்பு அவரை என்னவோ செய்துவிட்டது போலிருந்தது. கையில் இருந்த பணம் தீர்ந்தது.

"குதிரையை வெக்கிறேன்" என்றார்.

வியாபாரியின் சிரிப்பு நின்றது. "வேண்டாமுங்க. பொழுதுபோக்குக்குத்தான ஆடறோம். நிறுத்திக்கலாமுங்க."

"பயமா இருந்தா நீங்க சீட்டை வெச்சுட்டு எந்திரிங்க."

அந்த நேரம் பார்த்து ஐயாவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. சாரல் உள்ளே வந்தது. நான் போய்ச் சாத்தினேன். தாழ்ப்பாள் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"சரிங்க. சீட்டை எறக்குங்க, பார்த்துரலாம்" என்றார் வியாபாரி.

ஐயாவிடம் இருந்தது ஜோடி ஒன்பது. வியாபாரியிடம் ஜோடி பத்து.

வியாபாரிக்கு ஜெயித்த சந்தோஷமே இல்லை. "ஏனுங்க, எனக்கெதுக்குங்க குதிரை? நான் ஏறுனா அது படுத்துக்கும். நீங்களே வெச்சுக்குங்க" என்று சிரித்துப் பார்த்தார்.

"தோத்தது தோத்ததுதான். பிச்சையா வாங்கிக்கற பழக்கம் எனக்கில்ல" என்றார் ஐயா. குடையை எடுத்தார்.

வியாபாரி அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எப்படியாவது அந்தக் குதிரையைக் கையிலிருந்து உதறிவிட வேண்டும் என்று இருந்திருக்கும். அவர் கண் என்மேல் விழுந்தது.

"இந்தாப்பா பொன்னுசாமி! காலையிலிருந்து காப்பியா ஊத்திக் கை ஓஞ்சிருப்பே. குதிரை உனக்குத்தான். இனாம்!"

மற்ற இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மழையில் இறங்கி நடந்தார். பலாமரத்தடியில் கட்டியிருந்த மல்லி அவர் போகும் திசையில் கழுத்தை நீட்டிக் கனைத்தது. அவர் திரும்பவில்லை.

தம்பிகளே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேண்டாம் என்றால் இத்தனை பேர் முன்னால் கொடுத்தவரை அவமானப்படுத்தியதாகும். வாங்கிக்கொண்டால் தோற்றவர் நெஞ்சில் மிதித்ததாகும். யோசிக்க நேரம் இல்லை. என் வாய் பழக்கத்தில், "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டது. சமையல்கட்டு வாசலில் நின்ற சமையல்காரர் என்னையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது செம்புக்குள்ள போற சாமானா கண்ணு?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே பங்குப் பிரச்சினை வந்துவிட்டது. பாவாயி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"பங்குன்னா பங்குதானுங்க. மூணுல ஒண்ணு எனக்கு வரோணும். தலைப் பக்கம் சமையல்கார அண்ணன் எடுத்துக்கட்டும், திங்கப் போடப் போறது அவரு. நடுவால பொன்னுசாமி ஏறிக்கட்டும். வால் பக்கம் எனக்குன்னு சொல்லிராதீங்க. இப்பவே அதைத்தான் அள்ளிக்கிட்டு இருக்கறேன்."

மல்லிக்கு நாங்கள் யாரையும் பிடிக்கவில்லை. நான் கயிற்றை அவிழ்க்கப் போனால் தலைப்பாகையைக் கடித்து இழுத்தது. சமையல்கட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டு, மத்தியானத்துக்கு ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரை முழுவதையும் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. கீரைப் பொரியல் இல்லாமல் சாப்பிட்ட தோட்டக்காரர்கள் சமையல்காரரைத் திட்டினார்கள். அவர் என்னைத் திட்டினார். குதிரை வைத்திருப்பவன் என்ற பெருமை எனக்கு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

ஆனாலும் அதுவரை அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. சந்தையன்று சோளக்காட்டுக்குப் போனேன். மிளகு விற்கிறவர், "வாங்க குதிரைக்காரரே! கையில தூக்கிட்டுப் போவீங்களா, மூட்டையா ஏத்தறதுங்களா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு கடை தள்ளி வாழைப்பழம் விற்கிற ஆள் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, காப்பி ஊத்துனதுக்கா குதிரையைக் குடுப்பாங்க? நம்பற மாதிரி சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து ஐயாவின் மேஸ்திரியும் சந்தைக்கு வந்திருந்தார். நேராக என்னிடம் வந்தார். சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

"ஐயா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. சீட்டு எறக்கறதுக்கு முந்தி அவரு முதுகுக்குப் பின்னால நீ எதுக்கு நின்னே?"

மிளகுக்காரர் தராசைக் கீழே வைத்தார். வாழைப்பழக்காரர் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டார். ஜன்னலைச் சாத்தினேன் என்று அங்கேயே கத்தத் தோன்றியது. கத்தியிருந்தால் என்ன ஆகும்? மேஸ்திரி அதை ஒரு மாதிரி போய்ச் சொல்வார். சந்தை அதை வேறு மாதிரி சொல்லும். சீட்டுக் காட்டிக் கொடுத்தவன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் எந்தச் சீட்டறையும் என்னை வாசலில்கூட நிற்க விடாது. அது உங்களுக்கும் பொருந்தும், மறந்துவிடாதீர்கள்.

"நேர்ல வந்து சொல்றேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். மிளகு வாங்க மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சமையல்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "குதிரையை இப்பவே கொண்டு போய் அவரு கொட்டாயில கட்டிட்டு வந்துர்றேனுங்க" என்றேன்.

அவர் அடுப்பை ஊதுவதை நிறுத்தினார். "திருப்பிக் குடுத்தா, திருடுனவன் பயந்து கொண்டாந்து விட்ட மாதிரி ஆயிரும். வெச்சுக்கிட்டா, திருடுன மாதிரியே இருக்கும். வித்துட்டா ரெண்டுக்கும் மேல. உன்னால ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு. குடுத்தவரு வாயாலதான் இது தீரோணும்."

வியாபாரி அறையில் அட்டை கடித்த காலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"வாப்பா! குதிரை எப்பிடி இருக்குது?"

"குதிரை நல்லா இருக்குதுங்க முதலாளி. நாந்தான் நல்லா இல்லீங்க. அதை நீங்களே திருப்பி எடுத்துக்கோணும்."

அவர் முகம் மாறியது. "குடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க ஊட்டுல இல்ல."

"இனாம் வேண்டாம்னு சொல்லலீங்க. அளவுதான் சரியில்லீங்க. வாசல்ல செம்பு இருக்குது. அதுக்குள்ள போற மாதிரி எது குடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கறோம். அதுக்குள்ள போகாததைக் குடுத்தா, எதுக்குக் குடுத்தாங்கன்னு ஊரே கேக்குதுங்க. எங்கிட்ட பதில் இல்ல."

சந்தையில் நடந்ததைச் சொன்னேன். மேஸ்திரி கேட்டதையும் சொன்னேன். அவர் உப்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க முடியலப்பா" என்றார். "குதிரையை வெச்சுக்கவும் முடியல, அவரு வாங்கிக்கவும் மாட்டேங்கறாரு. எப்பிடியாச்சும் தள்ளி விட்டாப் போதும்னு இருந்துது. தள்ளறது யாரு தலையிலன்னு நெனச்சே பாக்கல."

எழுந்தார். வெறுங்காலோடு சீட்டறைக்கு வந்தார். அன்றைக்கு ஆடின மற்ற இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "குதிரை என்னோடது. அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். பொன்னுசாமிக்கும் மத்தவங்களுக்கும் இனாம் இதுதான்" என்று சொல்லி, மடியிலிருந்து எதையோ எடுத்துச் செம்பில் போட்டார். எவ்வளவு என்று நாங்கள் பார்க்கவில்லை. பாவாயி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "வெள்ளிச் சத்தமுங்க" என்று சமையல்கட்டில் வந்து சொன்னாள்.

பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி வாசலூர்பட்டியில் இருந்தது.

இதற்குள் வியாபாரிக்குக் கீழிருந்து ஆள் வந்தான். மகளுக்கு வளைகாப்பு, அப்பா வராமல் எப்படி என்று வீட்டில் ஒரே சத்தமாம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. டோலிக்காரர்கள் பாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வியாபாரியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்கள்.

"மன்னிக்கோணுமுங்க. பாதை எண்ணெய் ஊத்துன மாதிரி இருக்குது. வேற ஆருன்னாலும் தூக்கிருவோமுங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

இருந்த ஒரே வழி மல்லிதான். நல்ல இடத்தில் ஏறிக்கொள்ளலாம். வழுக்கும் இடத்தில் சேணத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் மல்லியை யார் நடத்துவது? நான் கயிற்றைப் பிடித்தேன். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. பாவாயி பின்னாலிருந்து தள்ளப் போய், அது திரும்பிப் பார்த்த பார்வையில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நான் வாசலூர்பட்டிக்கு நடந்தேன். தோட்டத்து ஐயா காலியாகக் கிடந்த குதிரைக் கொட்டகையைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"கேட்டதுக்குப் பதில் கொண்டாந்திருக்கியா?"

"சொல்றேனுங்க. அவரும் பக்கத்துல இருக்கறப்பச் சொல்றேன். இப்ப வந்தது மல்லி விஷயமா. முதலாளி அவசரமாக் கீழ போகோணும். எங்க யாருக்கும் அது அடங்க மாட்டேங்குதுங்க."

"அவரு குதிரை. அவரு பாத்துக்கட்டும்."

"நாங்க ரெண்டு ஆளு கயித்தப் புடிச்சு இழுத்துட்டுப் போயிர்றோமுங்க. வழுக்குப் பாறையில மட்டும் என்ன பண்றதுன்னு சொன்னீங்கன்னா போதும்."

துடைப்பம் அவர் கையிலிருந்து விழுந்தது. "வழுக்குப் பாறையில அவளை இழுக்கறதா? இழுத்தா நின்னுக்குவா. அடிச்சா உருண்டுருவா. அவகிட்டப் பேசோணும்ப்பா, பேசோணும்!" சொல்லிக்கொண்டே குடையைத் தேடினார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பலாமரத்தடியில் அவரைக் கண்டதும் மல்லி செய்த ஆர்ப்பாட்டத்தை நான் சொல்லிக் காட்ட முடியாது. அவர் அதன் நெற்றியில் கையை வைத்து ஏதோ சொன்னார். அதுவரை மரம் மாதிரி நின்றது, பூ மாதிரி நடந்தது. வியாபாரிக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. ஒரு கும்பிடு, பதிலுக்கு ஒரு கும்பிடு. அவ்வளவுதான். நான் வியாபாரியின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஐயா முன்னால் போனார். "மெதுவா வா சாமி. இந்தக் கல்லு ஆடும். அந்தப் பக்கம் வெய்யி காலை. அப்பிடித்தான்" என்று வழி முழுவதும் பேசிக்கொண்டே போனார். குதிரைக்குச் சொன்னதை வியாபாரியும் கேட்டு அதே கல்லில் கால் வைத்தார். ஓர் இடத்தில் வியாபாரி சறுக்கி, மல்லியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினார். அது அசையாமல் நின்று அவரைத் தாங்கியது. "நல்ல புள்ளை" என்றார் ஐயா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பாதி இறக்கத்தில் ஓர் ஊற்று இருந்தது. தண்ணீர் குடிக்க நின்றோம். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லு. எதுக்கு எம் பின்னால நின்னே?"

நான் பெட்டியை இறக்கி வைத்தேன். "ஜன்னல் அடிச்சுதுங்க. சாரல் உங்க முதுகுல விழுந்துது. சாத்துனேன். தாழ்ப்பாள் எறுகியிருந்துது, அதனால நேரமாச்சு. அவ்வளவுதானுங்க."

அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. நான் வேறு என்ன சொல்ல முடியும்? உண்மை அவ்வளவு சின்னதாக இருந்தது.

வியாபாரி வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க ஐயா, நான் ஒண்ணு கேக்கறேன். இவன் உங்க சீட்டை எனக்குக் காட்டியிருந்தா, உங்க கையில வெறும் ஜோடி ஒன்பதுதான்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமில்லீங்களா? அப்பறம் எதுக்கு நான் நிறுத்திக்கலாம்னு கெஞ்சறேன்? எதுக்குச் சீட்டை எறக்கச் சொல்றேன்? ஏத்திக்கிட்டே போயிருக்க மாட்டேனா? குதிரையோட விட்டிருப்பேனுங்களா? உங்க தோட்டத்தையே எழுதி வாங்கியிருப்பேனே!"

ஐயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு ஒரு பக்கம் கோணியது. பிறகு மறுபக்கமும் கோணியது. அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சிரிப்பை அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. வியாபாரியும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஊற்றுக்கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. தண்ணீர் குடிப்பது போல் குனிந்துகொண்டேன்.

"மேஸ்திரியை அடுத்த சந்தையிலயே சொல்லச் சொல்றேன், பொன்னுசாமி. எல்லாரு முன்னாலயும்" என்றார் ஐயா. சொன்னபடி செய்தார். அந்த வாழைப்பழக்காரர் எனக்கு ஒரு சீப்பு சும்மா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அது செம்புக்குள் போகாதுதான். ஆனால் எதற்காக என்று எனக்குத் தெரியும்.

மலை இறங்கிக் காரவள்ளிக்கு வந்தோம். வியாபாரியின் வில்வண்டி காத்திருந்தது. அவர் வண்டியில் ஏறவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, நீ இதுல பழகுன ஆளு. மலையிலிருந்து என்னைய உசுரோட எறக்கி விட்டவருக்கு எவ்வளவு குடுக்கறது வழக்கம்?" என்று கேட்டார்.

ஐயா குனிந்து மல்லியின் குளம்பில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு அப்படியே விறைத்தது எனக்குத் தெரிந்தது. காசு என்று நான் எந்தத் தொகையைச் சொன்னாலும் ஊற்றுக்கரையில் கிடைத்தது எல்லாம் போய்விடும். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

"வழக்கம்னு ஒண்ணு இல்லீங்க" என்றேன். "வந்தவரு எதுக்காக வந்தாருன்னு பாத்துத்தானுங்க குடுக்கோணும்."

வியாபாரி என்னைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். கயிற்றை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனார்.

"ஐயா, இது இனாம் இல்லீங்க. பிச்சையும் இல்ல. என் மக வளைகாப்புக்கு என்னைய முழுசாக் கொண்டாந்து சேத்ததுக்குக் கூலி."

ஐயா நிமிர்ந்தார். கை உடனே எழவில்லை. "கூலி ஜாஸ்திங்க" என்றார்.

"அப்பிடின்னா மிச்சத்தைக் குடுங்க."

ஐயா சட்டைப் பையைத் துழாவினார். ஒரு பிடி வறுத்த கொள்ளு இருந்தது. மல்லிக்கு என்று கொண்டு வந்தது. அதை எடுத்து நீட்டினார். வியாபாரி இரண்டு கையாலும் வாங்கி, வண்டியில் ஏறி, கடகடவென்று மென்றுகொண்டே ராசிபுரம் போய்ச் சேர்ந்தார்.

தம்பிகளே, எவ்வளவு என்று கேட்டீர்கள். வீட்டுக்குப் போய் எதற்காக வந்தது என்று மறைக்காமல் சொல்ல முடிகிற அளவு. அதற்கு மேல் யாராவது தந்தால், தருகிறவர் உங்களை நினைத்துத் தரவில்லை. தன் நெஞ்சில் இருக்கும் எதையோ இறக்கி வைக்க இடம் தேடுகிறார். அவர்மேல் கோபப்படாதீர்கள். பணிவாகத் திருப்பிக் கொடுங்கள், அவர் வாயாலேயே அதைச் சரி செய்ய விடுங்கள். தராதவரிடம் கேட்காதீர்கள். அவருக்கும் காப்பி அதே சூட்டில் இருக்கட்டும்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மல்லியோடு மலையேறினோம். ஐயா குதிரைமேல் ஏறவில்லை. கயிற்றை மல்லியின் கழுத்தில் சுற்றி அதை முன்னால் விட்டுவிட்டு என் பக்கத்திலேயே நடந்தார். வெயில் லேசாக அடித்தது. ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்.

"பொன்னுசாமி, இத்தனை வருஷமா நான் செம்புல போட்டுட்டுப் போயிருக்கறேன். போடறது லேசா இருந்துது. இன்னைக்கு அவரு கயித்தை நீட்டறாரு, எனக்குக் கையை எப்பிடி வெச்சுக்கறதுன்னே தெரியலப்பா. மேல வெக்கறதா, கீழ வெக்கறதா, மொகத்தை எங்க வெக்கறது... நீங்கெல்லாம் எப்பிடித்தான் வாங்கறீங்க?"

அவ்வளவு பெரிய தோட்டக்காரர், என்னிடம் தொழில் கேட்டார்.

"மொத தடவை அப்பிடித்தானுங்க இருக்கும். நாலஞ்சு குதிரை வாங்குனாப் பழகிருமுங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்த மல்லி நின்று, என்ன ஆயிற்று என்று எங்களைத் திரும்பிப் பார்த்தது.